252 கைப்பிடி உப்பு!

புளியங்குடி என்றால் எலுமிச்சம்பழம். அந்த ஊரில் ஊறுகாய் போடத் தெரியாத வீடு உண்டா என்று கேட்டுவிடாதீர்கள், சண்டைக்கு வருவார்கள்! ஆனால் இங்கே நமக்கு வேண்டியது ஊறுகாய் அல்ல, ஊறுகாய்க் குறிப்பு.

அந்த ஊரில் பிளஸ் டூ படித்த பெண் ஒருத்தி, அரசாங்கம் கொடுத்த மடிக்கணினியில், தாயார் சொல்லச் சொல்ல ஒரு குறிப்பை அடித்து வைத்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் ஒரு விசேஷம் உண்டு. ஒரே பெட்டிக்குள் இரண்டு குடித்தனம்! ஒரு பக்கம் விண்டோஸ். மறு பக்கம் நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். பெண் லினக்ஸ் பக்கத்தில் அடித்தாள். முதல் வரி, 'எலுமிச்சம்பழம் 25'. அடுத்த வரி, '2 கைப்பிடி உப்பு'. மறுநாள் விண்டோஸ் பக்கம் போய் நோட்பேடில் திறந்தால், எல்லாம் ஒரே வரி! 'எலுமிச்சம்பழம் 252 கைப்பிடி உப்பு' என்று ரயில் வண்டி மாதிரி ஓடுகிறது.

"கெட்டுப்போச்சு" என்று அழித்துவிடுவதுதான் நம்மில் பலருடைய வழக்கம். அழிக்காதீர்கள், அம்மணி! ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை.

டைப்ரைட்டரை நினைத்துப் பாருங்கள். வரி முடிந்ததும் பக்கத்திலுள்ள கைப்பிடியைத் தள்ளுவோம். அப்போது இரண்டு காரியம் நடக்கும். வண்டி வரியின் ஆரம்பத்துக்குத் திரும்பும். உருளை சுழன்று காகிதம் ஒரு வரி மேலே ஏறும். தந்தி போல எழுத்து அனுப்பிய டெலிபிரிண்டரில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சங்கேதம் வேண்டியிருந்தது. கணினிக் கணக்கில் திரும்புவதற்கு எண் 13, ஏறுவதற்கு எண் 10.

விண்டோஸ் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொண்டது. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். பழைய மக்கின்டாஷுக்கோ 13 மட்டும். 2001-ல் வந்த புதிய முறையில் அதுவும் 10-க்கு மாறிவிட்டது. காகிதமே இல்லாத கணினிக்கு இந்தக் காகிதச் சண்டை எதற்கோ!

2018-ல் விண்டோஸ் 10-ன் நோட்பேடுக்குத்தான் லினக்ஸ் வரிகள் புரியத் தொடங்கின. அதற்கு முந்திய கணினிகளில் இன்றைக்கும் பழைய கதைதான். விண்டோஸில் அடித்ததை லினக்ஸில் திறந்தாலும் சில சமயம் வரிக்கடைசியில் 'எம்' என்று ஒரு வேண்டாத விருந்தாளி நிற்பார். அவர்தான் அந்த 13.

பரிகாரம் சுலபம். 'நோட்பேட் பிளஸ் பிளஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. கோப்பைத் திறந்து, 'எடிட்' பட்டியலில் 'ஈ.ஓ.எல். கன்வர்ஷன்' போய், 'விண்டோஸ்' என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வரிகள் பழையபடி நிற்கும். லினக்ஸில் இதற்கென்றே 'யுனிக்ஸ்2டாஸ்' என்ற கட்டளை இருக்கிறது.

யூனிகோடில் அடித்த தமிழுக்கு இதனால் பங்கம் வராது. தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றால் மட்டும் இது வேறு வியாதி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அதை யூனிகோடுக்கு மாற்றத் தனி மாற்றி வேண்டும்.

எதைச் செய்தாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். புகைப்படக் கோப்பில் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள். அதற்குள் இருக்கும் 10-ம் 13-ம் வரி முடிவுகள் அல்ல, படத்தின் அங்கங்கள்.