அடுப்பங்கரைப் புகையும் நம் வீட்டுக் காற்றும்

நோயுற்றோரைச் சந்திக்கச் சென்ற ஒரு நாளில், எழுபது வயதைக் கடந்த பாட்டி ஒருவரைக் கண்டோம். நான்கு அடி நடந்தால் அவருக்கு மூச்சு இரைக்கிறது. இரவில் படுத்து உறங்க முடியாமல், தலையணைகளை அடுக்கி, அதில் சாய்ந்தபடியே விடியும்வரை காத்திருக்கிறார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் முதலில் கேட்டது, "பாட்டி, உங்களுக்குப் பீடி, சுருட்டு பிடிக்கிற பழக்கம் உண்டா?" என்பதுதானாம். "அந்தக் கருமத்தை நான் கையால தொட்டதில்ல டாக்டரய்யா. அம்பது வருசமா அடுப்புத்தான் ஊதினேன்" என்று பதில் சொன்னாராம் பாட்டி. அந்தப் பதிலிலேயே அவரது நோய்க்கான காரணமும் இருந்தது.

காற்று மாசு என்றவுடன் நம் கண்முன் வருவது எது? தொழிற்சாலைப் புகைக்கூண்டு, பேருந்து கக்கும் கரும்புகை, குளிர்காலத்தில் டெல்லியை மூடும் புகைமூட்டம். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்கிறோம். ஆனால், பல வீடுகளில் சமையல் நேரத்தில் உள்ளே இருக்கும் காற்று, பரபரப்பான சாலையின் காற்றைவிட மோசமாக இருக்கிறது. அதை அதிகம் சுவாசிப்பவர்கள் யார்? வீட்டிலேயே அதிக நேரம் இருக்கும் பெண்கள், குழந்தைகள், முதியோர், நோயாளிகள். வெளியே சென்று வருபவர்கள் இதை உணர்வதே இல்லை. எனவேதான் இந்த ஆபத்து நெடுங்காலமாகப் பேசப்படாமலே இருந்தது.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கின்படி, வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசினால் 2020-ம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர். இவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நிமோனியா, பக்கவாதம், மாரடைப்பு, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகிய வடிவங்களில் இந்த மரணம் வருகிறது. புகையால் இறந்தார் என்று யாரும் எழுதிவைப்பதில்லை.

புகையில் இருப்பது என்ன?

விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் ஆகியவை முழுமையாக எரியாதபோது இரண்டு பெரிய தீங்குகள் உண்டாகின்றன. முதலாவது, நுண்துகள்கள். இவற்றுள் 2.5 மைக்ரான் அளவும் அதற்குக் குறைவாகவும் உள்ளவை மிகவும் ஆபத்தானவை. நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் இவை ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான். மூக்கிலுள்ள முடியும் சளியும் பெரிய தூசியைத் தடுத்துவிடும். இந்த நுண்துகள்களைத் தடுக்க முடியாது. இவை நுரையீரலின் அடி ஆழம்வரை சென்று, அங்குள்ள மெல்லிய காற்றறைகளைப் புண்ணாக்குகின்றன. இரத்தக் குழாய்களையும் பாதிக்கின்றன. அடுப்புப் புகைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு இதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் இத்துகள்கள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ம் ஆண்டில் வரையறுத்தது. விறகடுப்பு எரியும் மூடிய சமையலறையில் இது பல நூறு மைக்ரோகிராம்களாக உயர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான வலுவோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. அதனால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி, உறக்கத்திலேயே உயிர் பிரியலாம். மலை ஊர்களில், குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை மூட்டிவிட்டு உறங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நாளிதழ்களில் படித்திருக்கிறோம். குளியலறைக்குள்ளேயே பொருத்தப்பட்ட, காஸில் இயங்கும் வெந்நீர்க் கருவியும் இதே ஆபத்தை உண்டாக்கக்கூடியது. வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் மயக்கமும் வந்தால், உடனே அனைவரும் வெளியேறி, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

அடுப்பை மாற்றினால் போதுமா?

1980-களின் தொடக்கத்தில், கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம் இந்தியத் தோழர்களோடு குஜராத் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். நகரத்துப் புகையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த உலகம், அதன்பின்பே கிராமத்து அடுப்பங்கரையின் பக்கம் மெல்லத் திரும்பியது. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டத்தின் வழியாக 10 கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்கள் சமையல் எரிவாயு இணைப்பைப் பெற்றுள்ளன. இது பெரிய மாற்றம். ஆயினும், இணைப்பு கிடைத்தாலும் அடுத்த சிலிண்டருக்குப் பணம் இல்லாமல், பாதி நாள் விறகுக்கே திரும்பும் வீடுகள் இன்னும் உள்ளன.

தமிழகத்தின் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளையும் சேர்த்து, ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிப் பெண்களிடம் ஒரு பெரிய ஆய்வு நடத்தப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாக வழங்கப்பட்டன. அப்பெண்கள் சுவாசித்த நுண்துகள்களின் அளவு, விறகில் சமைத்தவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால், 2022-ம் ஆண்டில் முடிவுகள் வெளிவந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் எதிர்பார்த்த உயர்வு காணப்படவில்லை. இதைக் கேட்டு மனம் தளர வேண்டியதில்லை. கருவுற்ற சில மாதங்களுக்குப் பிறகு அடுப்பை மாற்றுவது, பல ஆண்டுப் புகையின் பாதிப்பைத் துடைத்துவிடாது என்று நாம் எண்ணிப்பார்க்கலாம். புகையிலிருந்து விடுதலை முன்னதாகவே தொடங்க வேண்டும். அது இடைவிடாமலும் தொடர வேண்டும்.

விறகை முற்றிலும் தவிர்க்க இயலாத வீடுகளிலும் செய்யக்கூடியவை உண்டு. நன்றாகக் காய்ந்த விறகையே எரிப்பது, அடுப்புக்கு மேல் புகைக்கூண்டு அமைப்பது, திறந்த தாழ்வாரத்தில் சமைப்பது, பருப்பை முன்கூட்டியே ஊறவைத்து, பாத்திரத்தை மூடி வைத்துச் சமைத்து நேரத்தைக் குறைப்பது ஆகியவை புகையைக் குறைக்கும். பச்சைக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே நிற்பதைத் தவிர்க்க வேண்டும். அடுப்பைப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையையும் சைக்கிள் டயர்த் துண்டையும் எரிக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிட வேண்டும். அதிலிருந்து வருவது புற்றுநோயை உண்டாக்கக்கூடிய நச்சுப்புகை. மண்ணெண்ணெயை வீட்டு எரிபொருளாகப் பயன்படுத்த வேண்டாமென்று உலக நலவாழ்வு நிறுவனம் 2014-ம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது.

எரிவாயு அடுப்பு உள்ள வீட்டிலும் கவனம் தேவை. அதன் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்சைடு வெளிவருகிறது. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எண்ணெய்ப் புகை எழுகிறது. சமைக்கும் நேரம் முழுவதும் ஜன்னல் திறந்திருக்கட்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் ஓடட்டும்.

கொசுவர்த்தியும் ஊதுபத்தியும்

மாலையானால் கதவையும் ஜன்னலையும் அடைத்துவிட்டுக் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துவது நம்மில் பலரின் வழக்கம். சீனா, மலேசியா நாடுகளின் சுருள்களை ஆராய்ந்து 2003-ம் ஆண்டில் வெளியான ஒரு கட்டுரை, ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு நுண்துகள்களை வெளியிடுவதாகக் கண்டது. வீட்டில் புகைபிடிக்கும் தந்தையை வாசலுக்கு அனுப்பும் நாம், தொட்டிலின் கீழே சுருளைக் கொளுத்தி வைக்கிறோம்! கொசுவலையும், ஜன்னலுக்கு அடிக்கும் கம்பிவலையும், தேங்கிய நீரை அகற்றுவதும் இதைவிடப் பாதுகாப்பானவை.

ஊதுபத்தி, சாம்பிராணி, மெழுகுதிரி ஆகியவையும் நுண்துகள்களை வெளியிடுகின்றன. செபம் செய்யும் இடத்தில் இவற்றை ஏற்றவே கூடாது என்பதல்ல நம் கருத்து. ஆனால், மூச்சிரைப்பு நோயாளியோ கைக்குழந்தையோ உள்ள வீட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து, சிறிது நேரம் மட்டும் ஏற்றுவது நல்லது. தலைக்குக் குளித்த பச்சிளம் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தை விட்டுவிடுவதே மேல்.

கண்ணுக்குத் தெரியாதவை

புகையே இல்லாத மாசுகளும் உண்டு. புதிய பிளைவுட் அலமாரி, புதிதாக அடித்த பெயின்ட் ஆகியவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற வாயுக்கள் கசிகின்றன. எனவே, பெயின்ட் அடித்த அறையில் நெடி தீரும்வரை ஜன்னல்களைத் திறந்துவைத்து, பிறகே உறங்கச் செல்ல வேண்டும். மழைக்காலத்தில் சுவரில் படரும் பூஞ்சணம் ஆஸ்துமாவைத் தூண்டும். மேலே சுண்ணாம்பு அடித்து மறைப்பதால் பயனில்லை. ஒழுகும் இடத்தை முதலில் அடைக்க வேண்டும். துணிகளுக்கிடையே போடும் அந்துருண்டையின் ஆவி, சில பச்சிளம் குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். குழந்தையின் துணிகளோடு அதை வைக்கக் கூடாது. கழிவறையைக் கழுவும்போது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. இரண்டும் கலந்தால் எழுவது குளோரின் வாயு. மூடிய கழிவறையில் அது உயிரையே பறிக்கலாம்.

எளிய வழிகள்

வீட்டுக் காற்றைத் தூய்மையாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் நறுமணத் தெளிப்பான்கள் காற்றைத் தூய்மையாக்குவதில்லை. இருக்கும் மாசோடு இன்னும் சில வேதிப்பொருள்களைச் சேர்க்கின்றன. தொட்டிச் செடிகள் கண்ணுக்கு அழகு, மனத்துக்கு இதம். ஆனால், ஜன்னல் செய்யும் வேலையைச் செடிகளைக் கொண்டு செய்ய வேண்டுமானால் வீட்டில் நிற்க இடமிருக்காது என்பதே ஆய்வுகள் காட்டும் உண்மை. ஏ.சி. இயந்திரமும் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது.

மாசு உண்டாகும் இடத்தை முதலில் அகற்ற வேண்டும். அகற்ற முடியாததை வெளியேற்ற வேண்டும். நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சிறிது நேரமாவது எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்று ஊடுருவிச் செல்ல விடுவோம். சாலையோர வீடுகளில் போக்குவரத்து குறைந்த நேரத்தில் திறப்போம். தூசி பறக்கப் பெருக்குவதைக் குறைத்து, ஈரத்துணியால் துடைப்போம். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்க அனுமதிக்காதிருப்போம். நம் முன்னோர் கட்டிய முற்றமும், ஓட்டுக்கூரையின் இடைவெளியும், சமையலறைப் புகைக்கூண்டும் இந்த அறிவிலிருந்தே வந்தவை.

இறைவா உமக்கே புகழ் என்ற தம் திருமடலை 2015-ம் ஆண்டில் வெளியிட்ட திருத்தந்தை பிரான்சிஸ், மாசுகளைப் பற்றிப் பேசத் தொடங்கும் பகுதியிலேயே, சமையலுக்கும் வெப்பத்துக்கும் எரிக்கப்படும் எரிபொருள்களின் புகையால் மக்கள் நோயுறுவதைச் சுட்டிக்காட்டினார். அந்தப் புகை நமக்கு அந்நியமானது அல்ல. நம் அம்மாக்களும் பாட்டிமார்களும் சுவாசித்தது.

அன்புக்குரியவர்களே, வீட்டில் புது டிவி வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். சமையலறைக்கு ஒரு ஜன்னல் வைக்க ஒதுக்குகிறோமா? நாம் உண்ணும் உணவுக்காக ஒருவர் நாள்தோறும் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார் என்று, அந்த அடுப்பருகே ஒரு நாள் நின்று பார்த்திருக்கிறோமா? சிலிண்டர் வாங்க இயலாத பக்கத்து வீட்டை நம் அன்பியக் கூட்டத்தில் நினைத்துப் பார்த்திருக்கிறோமா? நாம் சந்தித்த பாட்டிக்கு இழந்த மூச்சைத் திருப்பித் தர எந்த மருந்தாலும் இயலாது. ஆனால், அவரது பேத்தி இப்போதுதான் சமைக்கக் கற்றுக்கொள்கிறாள். அவளது அடுப்பங்கரையில் ஒரு ஜன்னல் திறந்திருப்பதை நாம் உறுதிசெய்வோம்.