சூடானால் நிற்கும் புல்லட்

பழைய புல்லட் ஒன்று காலையில் இரண்டே உதையில் கிளம்புகிறது. இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு குலுக்கல், கொஞ்சம் மிஸ்ஸிங், அப்படியே சாலையோரத்தில் நின்றுவிடுகிறது. எத்தனை உதைத்தாலும் மூச்சில்லை. கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடுகிறது. ஒர்க்‌ஷாப் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினால் அங்கே ஒரு குறையும் காட்டுவதில்லை.

இதற்குப் பல இடங்களில் செய்யும் வைத்தியம், கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாற்றுவது. பிளக், காயில், கண்டன்சர், பாயின்ட் எல்லாம் ஒரே நாளில் புதிதாகிவிடும். வண்டி ஒருவேளை சரியாகலாம். ஆனால் எது கெட்டிருந்தது என்பது கடைசிவரை தெரியாது. இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய அசல் பாகங்கள் மூன்று பழைய இரும்புக்குப் போயிருக்கும். பழைய வண்டிக்குச் செய்யும் பெரிய அநியாயம் இதுதான் என்பது என் கருத்து. ஏனென்றால் அந்த வண்டி தன் குறையைச் சொல்லும் வழிகளைத் தன்னிடமே வைத்திருக்கிறது. கேட்கும் வரிசை தெரிந்தால் போதும்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் புல்லட்டின் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு திருவொற்றியூர் ஆலையிலேயே எல்லாம் தயாராயின. ஒற்றை சிலிண்டர், 346 சிசி, 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக். இங்கிலாந்துக் கம்பெனி 1970வாக்கில் மூடப்பட்ட பிறகும் இங்கே அந்த இன்ஜினின் அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளுக்கு மாறவில்லை. அதனால் அப்பா ஓட்டிய வண்டிக்கும் மகன் ஓட்டிய வண்டிக்கும் பழுது பார்க்கும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். பெரிய வேறுபாடு 6 வோல்ட்டா, 12 வோல்ட்டா என்பதில்தான் இருக்கிறது.

பொறி எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கி, 1910வாக்கில் காடிலாக் காரில் வந்த முறைதான் புல்லட்டிலும் இருக்கிறது. காயிலுக்குள் இரண்டு சுருள்கள். ஒன்றில் சில நூறு சுற்று தடித்த கம்பி, மற்றொன்றில் பல்லாயிரம் சுற்று மெல்லிய கம்பி. பாயின்ட் என்ற ஸ்விட்ச் மூடியிருக்கும்போது பேட்டரியின் மின்னோட்டம் தடித்த கம்பியில் ஓடிக் காந்தப்புலத்தை எழுப்புகிறது. கேம் சுற்றிவந்து பாயின்ட்டைத் திறந்ததும் மின்னோட்டம் அறுகிறது, புலம் சரிகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, புலம் எவ்வளவு வேகமாகச் சரிகிறதோ அவ்வளவு அதிகமாக மின்னழுத்தம் பிறக்கும். மெல்லிய கம்பியில் அது பத்தாயிரம் வோல்ட்டையும் தாண்டிப் பிளக்கில் பொறியாகிறது.

அந்த வேகத்தைக் காப்பாற்றுவதுதான் கண்டன்சரின் வேலை. பாயின்ட் திறக்கும்போது தடித்த சுருளிலேயே இருநூறு, முந்நூறு வோல்ட் எழும். அதைத் தாங்கிக்கொள்ள ஆளில்லாவிட்டால், திறந்துவரும் பாயின்ட்டின் இடைவெளியில் அது நீலச் சுடராகத் தாவி மின்னோட்டத்தை நீட்டித்துவிடும். புலம் மெதுவாகச் சரியும். பிளக்கில் பொறி நீர்த்துப்போகும். சுமார் 0.2 மைக்ரோஃபாரட் கொண்ட அந்தச் சின்னக் குப்பி அந்த எழுச்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. ஆகவே பாயின்ட்டில் கொழுத்த பொறியும் பிளக்கில் மெலிந்த பொறியும் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது கண்டன்சரை. பெரும்பாலும் பழி என்னவோ விலை கூடிய காயிலின் மேல்தான் விழுகிறது.

ஹெட்லைட் மேலுள்ள ஆம்ஸ் மீட்டரைப் பலர் அலங்காரமாகத்தான் பார்க்கிறார்கள். பழுது பார்ப்பவருக்கு அதைவிட நல்ல கருவி வண்டியில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும்போது காயில் மூன்று ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். இப்படி முள் ஆடினால் பேட்டரி, சாவி, வயர், தடித்த சுருள், பாயின்ட் வரை மின்சாரம் ஒழுங்காகப் போய்வருகிறது. குறை இருந்தால் மெல்லிய சுருள், பிளக் வயர், பிளக் கேப், பிளக் என்ற மறுபாதியில்தான். விதிவிலக்கு கண்டன்சர்: அதன் பலவீனம் முள்ளில் தெரியாது. முள் அசையவே இல்லையா? எங்கோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது பாயின்ட் முகத்தில் எண்ணெயோ கரியோ படிந்து மின்சாரம் கடக்கவில்லை. மைனஸிலேயே நிலைத்து நிற்கிறதா? பாயின்ட் திறக்கவில்லை, அல்லது பாயின்ட் வயரோ கண்டன்சரோ எர்த் ஆகியிருக்கிறது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் சந்தேகத்தில் பாதியை விலக்கிவிட்டோம்.

இதே முள்ளைப் பார்த்துத்தான் அனுபவசாலிகள் வண்டியைக் கிளப்புகிறார்கள். கிக்கர் இறுகும் இடத்தில் முள் நடுவுக்கு வந்தால் பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். டீகம்ப்ரஷரைப் பிடித்துக் கொஞ்சம் தாண்டவைத்து, விட்டு, உதைக்கிறார்கள். முழங்காலைப் பதம்பார்க்கும் எதிர் உதை இல்லாமல் இன்ஜின் எழுந்துவிடும்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் ஒட்டவைத்துப் பொறி பார்ப்பது எல்லோரும் செய்வது. அதில் ஒரு பொறி இருக்கிறது. வெளிக்காற்றில் 0.5 மி.மீ. இடைவெளியைத் தாவுவது எளிது. மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். ஆனால் வாயு நெருக்கப்பட்டால் தாவலுக்கு வேண்டிய மின்னழுத்தமும் கூடும் என்று 1889இல் ஃப்ரீட்ரிக் பாஷன் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் காட்டினார். புல்லட்டின் கம்ப்ரஷன் விகிதம் சுமார் 6.5. சிலிண்டருக்குள் அந்த அரை மில்லிமீட்டர், வெளியே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தாவுவதற்குச் சமம். அதனால் வெளியே அழகாகப் பொறி விடும் பிளக் உள்ளே போனதும் அணைந்துபோகலாம். பிளக் கேப்பைக் கழற்றி, வயர் முனையை ஹெட்டிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, அவ்வளவு தூரம் பொறி தாவுகிறதா என்று பார்ப்பதுதான் நியாயமான சோதனை. வயரை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. பிளக் துவாரத்தை மூடியே வைத்திருக்க வேண்டும், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

சூடானால் நிற்கும் வண்டிக்குக் குற்றவாளிகள் முக்கியமாக நான்கு. சூட்டில் கசியும் கண்டன்சர். சூட்டில் கம்பியின் எனாமல் பூச்சு விட்டுப்போகும் காயில். காற்றுத் துளை அடைத்துக்கொண்ட டேங்க் மூடி. இறுக்கி வைத்த டேப்பட். நான்கும் ஆறினால் சரியாகிவிடும் குறைகள் என்பதால்தான் குழப்பம். டேங்க் மூடியில் துளை அடைபட்டால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் கூடி ஓட்டம் நின்றுவிடும். சும்மா நிற்கும் நேரத்தில் எங்கோ காற்று கசிந்து உள்ளே போக, பெட்ரோல் மறுபடி இறங்கும். காயில் ஆறியதால் கிளம்பியதுபோலவே தோன்றும்.

ஆகவே சாட்சி ஆறிப்போவதற்குள், நின்ற இடத்திலேயே பார்க்க வேண்டும். கிக்கர் முதல் சாட்சி. வழக்கமான இறுக்கம் இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் கம்ப்ரஷன் இல்லை. வால்வு முழுதாக மூடவில்லை. புல்லட்டில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ் ராடு விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அதற்குமேல் இறுக்கியிருந்தால் சூட்டில் வால்வு நீண்டு திறந்தே நிற்கும். கிக்கர் இறுக்கமாகவே இருந்தால் துணி சுற்றிப் பிளக்கைக் கழற்றுங்கள். அது பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பொறிதான் வரவில்லை. காய்ந்திருந்தால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் காயிலுக்கு விடுதலை. பொறிதான் குறையென்றால், பாயின்ட்டில் கொழுத்த சுடர் தெரிகிறதா என்பது கண்டன்சரையும் காயிலையும் பிரித்துவிடும். கண்டன்சரை மாற்றும்போது பழையதைத் தூக்கியெறியாதீர்கள். புதிது என்பதற்காகவே நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதற்கும் இல்லை.

6 வோல்ட் வண்டிக்கு மங்கலான விளக்கு, பலவீனமான பொறி என்று காலங்காலமாகக் கெட்ட பெயர். பாதிக் குற்றம் துருப்பிடித்த இணைப்புகளுடையது. 30 வாட் ஹெட்லைட் 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒரு பச்சை பூத்த கனெக்டர் 0.2 ஓம் தடை தந்தால் ஒரு வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் ஒரு பங்குதானே என்று நினைக்கலாம்; ஆனால் இழைபல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் மூன்றாவது அடுக்கையும் தாண்டிய வேகத்தில் குறையும். கிடைப்பது பாதியை ஒட்டிய வெளிச்சம். 12 வோல்ட்டில் அதே கனெக்டர் திருடுவது அரை வோல்ட். வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. காயிலிலும் அப்படித்தான். 2 ஓம் காயிலுக்கு முன்னால் அரை ஓம் துரு சேர்ந்தால் மின்னோட்டம் 3 ஆம்பியரிலிருந்து 2.4க்கு இறங்கும். காந்தப்புலத்தில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது என்பதால், பொறிக்குக் கிடைப்பது 64 சதவீதம்தான். வயரிங்கையே 12 வோல்ட்டுக்கு மாற்ற நினைப்பவர்கள், முதலில் பேட்டரி எர்த் வயர் ஃபிரேமைத் தொடும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்கிப் பாருங்கள். பல வண்டிகளுக்கு அதுவே போதும்.

பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இதில் மறைந்திருக்கும் விஷயம், இடைவெளியும் டைமிங்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது. கேமில் உரசும் ஃபைபர் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயின்ட் தாமதமாகத் திறக்கும், பொறியும் தாமதமாகும். பெட்ரோல் ஒரே கணத்தில் வெடித்துத் தீர்வதில்லை, சுவாலை பரவ நேரம் வேண்டும். 3,000 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஒரு மில்லிநொடியில் 18 பாகை திரும்பிவிடுகிறது. அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். தாமதமானால் எரிதல் சைலன்சர்வரை நீளும். இழுவை குறையும், இன்ஜின் கொதிக்கும். பலர் இதைக் கார்பரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட்டைத் திருகத் தொடங்குகிறார்கள். இடைவெளியைச் சரிசெய்த பிறகே டைமிங், டைமிங்குக்குப் பிறகே கார்பரேட்டர் என்ற வரிசை மாறவே கூடாது. மூன்றையும் சேர்த்துத் திருகியவருக்கு எந்தத் திருகு என்ன செய்தது என்று தெரியாது.

இப்போது பழைய வண்டிக்காரர்களுக்குப் புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதன் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. பழைய ஜெட் அளவிலேயே இந்தக் கலவையை விட்டால் பெட்ரோல் குறைந்து காற்று மிகும். பிளக் வெளுக்கும், இன்ஜின் சூடேறும். மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்டிப் பார்ப்பது நியாயமான முதல் சோதனை. பழைய ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலில் உப்பி நொய்ந்துபோகலாம் என்பதால் அவற்றைத் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் மிகுந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில், சரியாகப் பெட்ரோல் காக் இருக்கும் இடத்தில், தங்கும். நாள்பட நின்ற வண்டியைக் கிளப்புமுன் காக்கிலிருந்து கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்கு தெரிந்தால் டேங்க் முழுவதையும் வடித்து, கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தையும் துடைத்த பிறகே கிக்கரில் கால் வைக்கலாம்.