குழிப்பந்தாட்டத் திடலின் பருவகாலப் பராமரிப்பு

குழிப்பந்தாட்டத் திடலின் பருவகாலப் பராமரிப்பு என்பது கோல்ஃப் எனப்படும் குழிப்பந்தாட்டம் ஆடப்படும் திடலின் புல், மண், மணற்குழிகள் ஆகியவற்றை ஆண்டின் பருவங்களுக்கு ஏற்பப் பேணும் பணிகளைக் குறிக்கும். புல் வெப்பநிலைக்கும் பகலொளிக்கும் ஏற்ப வளரவும் ஓய்வெடுக்கவும் செய்கிறது. ஆட்டமோ ஆண்டு முழுவதும் நடைபெறுகிறது. புல் வளராத காலத்தில் ஏற்படும் சேதம் தானாக ஆறுவதில்லை என்பதே இப்பணியின் அடிப்படைச் சிக்கல் ஆகும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் உள்ள பழைய திடல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

பழைய திடல்

இத்திடல் வட கடலை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் அமைந்துள்ளது. 1764ஆம் ஆண்டில் ஒரு சுற்றுக்கான குழிகள் 22இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டன. பிற்காலத்தில் இதுவே உலகெங்கும் வழக்கமாயிற்று. 18 குழிகளில் 14 குழிகள், இரண்டிரண்டாக ஏழு பெரிய குழித்தரைகளைப் பகிர்ந்துகொள்கின்றன. குழித்தரை என்பது குழியைச் சுற்றி மிகக் குட்டையாக வெட்டப்பட்ட புல்வெளி ஆகும். 1865ஆம் ஆண்டில் திடல் காப்பாளராகப் பொறுப்பேற்ற ஓல்டு டாம் மாரிஸ், குழித்தரைகளின் மேல் மணல் தூவும் முறையைப் பரவலாக்கினார். பொதுமக்களும் ஆடக்கூடிய இத்திடலை, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் லிங்க்ஸ் அறக்கட்டளை நிர்வகிக்கிறது.

மணல் நிலத்தில் நீர் விரைவாக வடியும், சத்து குறைவு. ஃபெஸ்க்யூ, பென்ட் ஆகிய மெல்லிலைப் புற்கள் இச்சூழலுக்கு ஏற்றவை. மிகுதியாக உரமும் நீரும் இட்டால் ஆழமற்ற வேர் கொண்ட, நோய்க்கு எளிதில் ஆட்படும் ஓராண்டுப் புல் பெருகி இவற்றை வெளியேற்றிவிடும். ஆகவே, இங்குக் குறைவாக ஊட்டுவதே நல்ல பராமரிப்பு எனக் கருதப்படுகிறது.

வசந்த காலம்

மண் சூடாகும்போது புல் மீண்டும் வளரத் தொடங்குகிறது. குளிர்ந்த கடற்காற்று இவ்வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதும் உண்டு. குளிர்காலத்தில் தேய்ந்த இடங்களில் விதை தூவப்படுகிறது. சிறிதளவு உரம் இடப்பட்டு, மேற்பரப்பைச் சமப்படுத்த மெல்லிய மணல் அடுக்கு பரப்பப்படுகிறது. முட்புதர்களை வெட்டும் வேலை, பறவைகள் கூடு கட்டும் முன்பே முடிக்கப்படுகிறது.

கோடை காலம்

இது ஆட்டம் மிகுந்த பருவம். குழித்தரைகள் ஏறத்தாழ நாள்தோறும் சில மில்லிமீட்டர் உயரத்திற்கு வெட்டப்படுகின்றன. வறட்சியில் ஃபெஸ்க்யூ புல் பழுப்பு நிறம் அடைந்தாலும், வேர் உயிருடன் இருப்பதால் மழை பெய்ததும் மீண்டும் பச்சையாகும். எனவே திடல் முழுவதையும் பசுமையாக வைத்திருப்பது நோக்கம் அன்று. 2022ஆம் ஆண்டு சூலையில் 150ஆவது ஓப்பன் போட்டி இங்கு நடைபெற்றபோது, பந்து நெடுந்தொலைவு உருளும் வகையில் தரை உலர்ந்து கெட்டியாக இருந்தது.

இலையுதிர் காலம்

நடமாட்டத்தால் இறுகிய மண்ணில் காற்றும் நீரும் புகுவது கடினம். இதனைச் சரிசெய்யத் துளையிடும் இயந்திரத்தின் உள்ளீடற்ற முனைகள் சிறு மண்துண்டுகளைப் பிடுங்கி எடுக்கின்றன. துளைகள் மணலால் நிரப்பப்படுகின்றன. இறந்த தண்டுகளும் வேர்களும் சேர்ந்த அடுக்கு தடித்தால் நீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துப் பூஞ்சை நோய்க்கு இடமளிக்கும். துளையிடுதல் அதனையும் குறைக்கிறது. இலைகளில் ஈரம் தங்காதிருக்கக் காலைப் பனித்துளிகள் துடைத்து அகற்றப்படுகின்றன.

குளிர்காலம்

உறைபனி படிந்த புல்லின் இலைச்செல்களில் உள்ள நீர் உறைந்திருக்கும். அதன்மேல் நடந்தால் செல்கள் உடைந்து, காலடித் தடங்கள் கருகிய நிறத்தில் தோன்றும். புல் வளராததால் அவை நீண்ட நாட்கள் மறையா. ஆகவே, உறைபனி நீங்கும்வரை ஆட்டம் தாமதப்படுத்தப்படுகிறது. குளிர்கால மாதங்களில் ஆடுவோர் சிறு செயற்கைப் புல் விரிப்பைக் கையோடு எடுத்துச் சென்று, ஆடுபாதையில் விழுந்த பந்தை அதன்மேல் வைத்து அடிக்கின்றனர். இதனால் மட்டை புல்லைப் பெயர்ப்பது தவிர்க்கப்படுகிறது.

மணற்குழிகளின் செங்குத்தான சுவர்கள் புல்கட்டிகளைச் செங்கல்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டப்பட்டவை. காற்றாலும் வெயிலாலும் சிதையும் இவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் கட்ட வேண்டும். திடலில் நூற்றுக்கும் மேற்பட்ட மணற்குழிகள் இருப்பதால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒரு பகுதி புதுப்பிக்கப்படுகிறது.

ஓய்வும் தேய்மானமும்

சில பெரும் போட்டிகள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய திடலில் ஆட்டம் இல்லை. அன்று நகர மக்கள் அங்கு உலாவுகின்றனர். முற்காலத்தில் திடலை எதிர்த்திசையிலும் ஆடும் வழக்கம் இருந்தது; தேய்மானம் ஒரே இடத்தில் குவியாமலிருக்க அது உதவியது.

பராமரிப்பின் எல்லையை 2023ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று காட்டியது. பதினெட்டாம் ஆடுபாதையில் உள்ள பழமையான சுவில்கன் கற்பாலத்தின் அருகில், படம் எடுத்துக்கொள்ள வருவோரின் காலடியில் புல் தொடர்ந்து அழிந்து வந்தது. அதைத் தவிர்க்க அங்குக் கல்தளம் பாவப்பட்டது. பாலத்தின் தோற்றம் கெடுவதாகக் கடும் எதிர்ப்பு எழவே, சில நாட்களிலேயே அத்தளம் அகற்றப்பட்டு மீண்டும் புல் பதிக்கப்பட்டது. அப்புல்லைக் காக்கும் பணி ஒவ்வொரு பருவத்திலும் தொடர வேண்டியதாகவே உள்ளது.