வளர்ப்பு முயலின் சினைக்காலமும் குட்டி பேணலும்

வீட்டில் முயல் வளர்ப்போர் பலர் முதலாம் ஈற்றுக் குட்டிகளை இழந்துவிடுகின்றனர். நோயால் இறப்பனவும் உள. எனினும் தாய் முயலின் இயல்பை வளர்ப்போர் அறியாமையால் மாள்வனவும் பலவாம். குட்டி ஈன்ற முயல், குட்டிகளை ஏறெடுத்தும் பாராது கூட்டின் மறுமூலையிற் படுத்திருப்பதைக் கண்டு, தாய் அவற்றை வெறுத்துவிட்டதென எண்ணி, வெளியே எடுத்துப் பசுப்பால் பருக்கத் தொடங்குகின்றனர். அக்குட்டிகள் சில நாட்களுள் இறந்துபோகின்றன. உண்மையில் அத்தாய் தன் கடமையிற் சிறிதும் தவறவில்லை.

நாம் வளர்க்கும் முயல்கள் யாவும், அவை எந்நிறத்தினவாயினும், ஐரோப்பாவின் தென்மேற்கிலுள்ள ஐபீரியக் குடாநாட்டுக் காட்டு முயலின் வழிவந்தவை. நிலத்தில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்தல் அவ்வினத்தின் வழக்கம். எமது பற்றைக்காடுகளிலும் வயலோரங்களிலும் ஓடித்திரியும் முயல் முற்றிலும் வேறோர் இனமாகும். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. இவ்விரு இனங்களும் தம்முட் கலந்து குட்டி ஈனமாட்டா. ஆகவே காட்டிற் பிடிபட்ட ஆண்முயலை வீட்டுப் பெண்முயலோடு சேர்த்து அடைத்துவைத்துப் பலனை எதிர்பார்ப்பது வீண்வேலையாகும்.

சிறிய இன முயல்கள் 4 அல்லது 5 மாதத்திலும், நடுத்தர இனங்கள் 5 அல்லது 6 மாதத்திலும் இனப்பெருக்கத்திற்குரிய பருவத்தை அடைகின்றன. பெரிய இனங்களுக்கு இன்னுஞ் சில மாதங்கள் செல்லும். மாட்டைப்போலக் குறித்த நாட்களுக்கொருமுறை வேட்கை கொள்ளும் இயல்பு முயலுக்கு இல்லை. அதன் சூலகத்திலிருந்து முட்டை தானாக வெளிவருவதும் இல்லை. இணைசேர்ந்து ஏறக்குறைய 10 மணி முதல் 12 மணி நேரத்தின் பின்னரே வெளிவருகின்றது. இணைசேர இசையும் முயலின் பிறப்புறுப்பு சிவந்து சற்று வீங்கியிருக்கும். வெளிறியிருப்பின் அது பெரும்பாலும் இசையாது.

இணைசேர்க்கும்போது பெண்முயலையே ஆண்முயலின் கூட்டிற்குக் கொண்டுசெல்ல வேண்டும். பெண்முயல் தன் இடத்தைக் காப்பதில் மிகுந்த பிடிவாதமுடையது. அதன் கூட்டினுள் ஆண்முயலை விட்டால் கடித்துக் காயப்படுத்திவிடும். இணைசேர்க்கை சில விநாடிகளுள் முடிந்து ஆண்முயல் பக்கவாட்டிற் சரிந்து விழும். இதனைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. உடனே பெண்முயலைத் திரும்ப அதன் கூட்டில் விட்டு, அன்றைய தேதியைக் கூட்டுக் கதவிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.

இத்தேதியை எழுதாமையே பல குழப்பங்களுக்குக் காரணமாகின்றது. முயலின் சினைக்காலம் சாதாரணமாக 30 முதல் 32 நாட்களாகும். மார்ச்சு 1ஆந் தேதி இணைசேர்ந்த முயல் ஏப்பிரில் 1ஆந் தேதியை அண்டிக் குட்டி ஈனும். ஆனால் மார்ச்சு 17, 18ஆந் தேதிகளிலேயே அது வைக்கோலை வாயிற் கௌவித் திரிந்து, மார்பு மயிரைப் பிடுங்கிக் கூடுகட்டத் தொடங்குமாயின், அது பொய்ச்சினையெனக் கருதலாம். இணைசேர்ந்துங் கருத்தரியாத முயலிலும், ஒன்றன்மேலொன்று ஏறும் பெண்முயல்களிலும் முட்டை வெளிவந்துவிடுவதால் இந்நிலை உண்டாகின்றது. ஏறக்குறைய 16 முதல் 18 நாட்களில் அது தானே நீங்கும், மருந்து வேண்டியதில்லை. தேதி அறியாதவர் இக்கூடுகட்டலைக் கண்டு குட்டிக்காகக் காத்திருந்து ஏமாறுவர்.

பழக்கமுடையோர் 12ஆம் நாளளவில் வயிற்றின் கீழ்ப்பகுதியை விரல்களால் மிக மெதுவாகத் தடவி, முந்திரிப்பழம் போன்ற மெதுவான உருண்டைகளைக் கொண்டு சினையை அறிவர். எருப்புழுக்கைகள் இவற்றிலும் சிறியனவாயும் கடினமாயும் இருக்கும். பழக்கமில்லாதோர் அழுத்திப் பார்த்தல் கருவுக்குக் கேடு.

சினைமுயலுக்குக் கினிப்புல் போன்ற நல்ல புல்லும் தூய நீரும் எந்நேரமும் கிடைக்கவேண்டும். இப்பில் இப்பில் இலையை அளவின்றிக் கொடுத்தலாகாது. அதிலுள்ள மிமோசின் என்னும் நச்சுப்பொருள் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும். மிகக் கொழுத்த முயல் சினையின் கடைசி நாட்களில் உணவை முற்றாக மறுக்குமாயின் அது ஆபத்தான நிலை. தாமதியாது மிருக வைத்தியரிடங் காட்டுக. யாழ்ப்பாணம், வவுனியா போன்ற உலர்வலயப் பகுதிகளில் வெப்பமும் கவனிக்கவேண்டிய ஒன்றாகும். வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேல் நீடிக்குமாயின் ஆண்முயலின் விந்து வலுவிழக்கும்; மீண்டும் சீரடைய ஏறக்குறைய இரு மாதங்கள் செல்லும். கூடுகள் மரநிழலில் ஓலைக்கூரையின்கீழ் இருத்தல் நன்று.

28ஆம் நாள் ஈற்றுப்பெட்டியைக் கூட்டினுள் வைக்கவும். 45 ச.மீ. நீளமும் 30 ச.மீ. அகலமும் 30 ச.மீ. உயரமும் உள்ள பலகைப்பெட்டி நடுத்தர முயலுக்குப் போதும். தாய் உட்புகுவதற்காக ஒரு பக்கத்தின் உயரத்தைப் பாதியாகக் குறைத்து, உள்ளே உலர்ந்த வைக்கோல் இடுக. தாய் தன் மயிரைப் பிடுங்கி அதன்மேற் பரப்பும். அம்மயிரை அழுக்கென நினைத்து அகற்றுவோரும் உளர். குட்டிகளின் போர்வை அதுவே.

ஈனுதல் பெரும்பாலும் இரவில் அல்லது விடியற்காலையில் நிகழ்ந்து அரைமணி நேரமளவில் முடிந்துவிடும். விடிந்தபின் தாய்க்குச் சிறிது இலை கொடுத்து அதன் கவனத்தைத் திருப்பி, பெட்டியைச் சோதித்து, இறந்த குட்டிகளையும் எஞ்சிய கழிவுகளையும் நீக்குக. மனிதர் தொட்ட குட்டியைத் தாய் ஏற்காது என்பது, பழகிய வீட்டுமுயலைப் பொறுத்தவரை, வெறும் அச்சமே. பெட்டிக்கு வெளியே விழுந்த குட்டியைத் தாய் கௌவிவந்து சேர்க்காது. பூனையின் வழக்கம் முயலுக்கு இல்லை. அத்தகைய குட்டி குளிர்ந்து அசைவற்றுக் கிடப்பினும் உடனே புதைத்துவிடாதீர்கள். கைக்குள் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடேற்றின், உயிர் இருக்குமாயின் அசையத் தொடங்கும்.

பாலூட்டல் பற்றியே முதலிற் குறிப்பிட்டோம். காட்டில் வாழும் தாய்முயல் குட்டிகளைத் தனி வளையில் ஈன்று, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டுச் செல்கின்றது. பெரும்பாலும் நாளொன்றுக்கு ஒரேயொரு முறை வந்து, 3 முதல் 5 நிமிடம் பாலூட்டி, மீண்டும் அடைத்துச் சென்றுவிடும். அடிக்கடி சென்றுவரின் நரி போன்ற பகைவிலங்குகளுக்கு வளை புலனாகிவிடும் அல்லவா? வீட்டுமுயலும் அவ்வழக்கத்தையே பின்பற்றுகின்றது. அதன் பாலிலுள்ள புரதம் பசுப்பாலிலுள்ளதன் மும்மடங்கிற்கும் மேற்பட்டது. ஆகவே ஒருமுறை ஊட்டுதலே போதும். தாய் ஊட்டியதா என்பதைத் தாயைப் பார்த்தறிய இயலாது. குட்டிகளின் வயிற்றைப் பாருங்கள். காலையில் வயிறு உருண்டு திரண்டிருப்பின் கவலை வேண்டாம். வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருப்பின் மட்டுமே தலையிட வேண்டும். அப்போதும், அதே நாட்களில் ஈன்ற வேறொரு தாய் இருக்குமாயின் அதனிடங் குட்டிகளைச் சேர்த்தல் போத்தற்பாலிலும் சிறந்தது.

தாய் குட்டிகளைத் தின்பது அரிது. நீரின்மை, உணவுக்குறை, நாயின் ஆரவாரம், முதலீற்றின் கலக்கம் ஆகியன அதற்குக் காரணங்களாகலாம். தாய்மீது பழி சுமத்துமுன் எலி புகக்கூடிய இடைவெளி கூட்டில் உண்டாவெனப் பாருங்கள். கூட்டின் கால்களை நீருள்ள சிரட்டைகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

குட்டிகளுக்கு ஒரு வாரத்தில் மயிர் முளைக்கும். 10 முதல் 12 நாட்களிற் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் பெட்டியை விட்டு வெளிவந்து புல்லைக் கொறிக்கத் தொடங்கும். 6 முதல் 8 வாரத்திற் தாயிடமிருந்து பிரிக்கலாம். ஈன்ற அன்றே தாய் மறுபடியுங் கருத்தரிக்க வல்லதாதலால், ஆண்முயலை அதனோடு ஒரே கூட்டில் விட்டிருத்தல் கூடாது. பாலூட்டிக்கொண்டே அடுத்த சினையைச் சுமக்கும் தாய் விரைவில் மெலிந்துபோகும். குட்டிகளையும் மூன்று மாதம் நிரம்புமுன் ஆண் பெண் எனப் பிரித்து வெவ்வேறு கூடுகளில் அடைத்தல் வேண்டும். உடன்பிறந்தவையென்பதை முயல்கள் பொருட்படுத்துவதில்லை.