கருவுற்ற தாயின் உணவு: கோஷா மருத்துவமனை கற்பித்த பாடம்

திருத்தணியிலிருந்து நகரி செல்லும் சாலையில் தமிழகம் எங்கே முடிகிறது, ஆந்திரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் பெயர்ப்பலகைகளைக் கொண்டே அறிய வேண்டும். 1960 ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆட்சி மாறிற்று, அடுப்பங்கரை மாறவில்லை. இப்பக்கம் கேழ்வரகுக் களி என்பதை அப்பக்கம் ராகி சங்கட்டி என்கின்றனர். அதற்குத் துணையான கீரைக் கடைசலும் வேர்க்கடலைத் துவையலும் இரு மொழியினருக்கும் பொது. முருகன் மலைக்குப் பேர்பெற்ற இவ்வூரில் சிறு எண்ணிக்கையில் வாழும் முஸ்லிம்களுக்கும் இந்த மண்ணின் உணவு அந்நியமன்று.

அந்த உணவு இன்று அருகி வருகிறது. 2011 முதல் தமிழக நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. அரிசியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஏழை இல்லங்களிலிருந்து பசியை விரட்டியதில் அதற்குப் பெரும்பங்குண்டு. ஆயினும் சோறு மலையாகவும் கீரை துளியாகவும் பரிமாறப்படும் தட்டு, கருவுற்ற ஒரு பெண்ணுக்குப் போதாது. வயிறு நிறைவது வேறு, குருதி நிறைவது வேறு.

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்துக் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர். அதற்கு முந்தைய ஆய்வில் இது 44.4 ஆக இருந்தது. மருத்துவமனைப் பிரசவத்திலும் தடுப்பூசியிலும் முன்னிற்கும் மாநிலத்தின் நிலை இது. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருப்பதையே கருவுற்ற பெண்ணின் இரத்தசோகை என்கிறோம். 7 கிராமுக்குக் கீழே சென்றால் அது கடுமையான நிலை. அத்தகைய தாய்க்குப் பேற்றின்போது ஏற்படும் இரத்தப்போக்கைத் தாங்கும் வலு இராது. குறைமாதப் பேற்றுக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் வாய்ப்பு மிகும்.

இந்நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்திய ஆய்வு நம் நாட்டிலேயே, அதிலும் நம் சமுதாயத்துப் பெண்களைக் கண்ணுற்றே தொடங்கியது என்பது பலர் அறியாத செய்தி. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் கருவுற்ற பெண்களைப் பீடித்த கொடிய இரத்தசோகையின் காரணத்தைக் கண்டறிவதே அவர் பணி. கிருமியைத் தேடிப் பார்த்தார், கிட்டவில்லை. பிறகு அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று இல்லந்தோறும் ஆராய்ந்தார். மிகக் குறைபட்ட உணவை உண்டவர்களும் நோய்க்கு மிகுதியாக ஆளானவர்களும் ஏழை முஸ்லிம் பெண்களே என்பது புலனாயிற்று. இதற்குச் சமயம் காரணமன்று. வறுமையும், எஞ்சியதை உண்ணும் பெண்களின் வழக்கமுமே காரணம் என்று கருத இடமுண்டு.

குன்னூர் ஆய்வகத்திலும் அவர் பணி தொடர்ந்தது. 1931இன் தொடக்கத்தில் சென்னை கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். திரையிட்டு வாழும் பெண்களும் தயக்கமின்றி வந்து சிகிச்சை பெறுவதற்காக 1885இல் மேரி ஷார்லீப் அம்மையார் நிறுவிய மருத்துவமனை அது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. நொதியத்தின் சாற்றை, அதாவது மார்மைட் என்ற மலிவான கடைச்சரக்கை, உண்ணக் கொடுத்தபோது நோயுற்ற பெண்கள் தேறினர். அவ்வாண்டே அவர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். அச்சாற்றில் இருந்த பொருள் இன்னதென அன்று எவருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்றே வழங்கினர். 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பல டன் பசலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லைக்கொண்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். பெயரிலேயே கீரை இருக்கிறது.

ஃபோலிக் அமிலத்தின் பணி இரத்தத்தோடு நிற்பதில்லை. கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழல், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்னரே அது நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே மகப்பேற்றை எதிர்நோக்கும் காலத்திலேயே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கி, முதல் மூன்று மாதங்கள் தொடர்வதே முறை. நான்காம் மாதம் முதல் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கலந்த மாத்திரையை நாள்தோறும் 180 நாட்கள் உண்ண அரசு வழங்குகிறது.

மாத்திரை கிடைக்கிறது, ஆனால் உடலில் சேர்வதில்லை. முதற்குற்றவாளி நாம் மிக விரும்பும் தேநீர். அதிலுள்ள துவர்ப்புப் பொருட்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு குடலுக்குள் புகவிடாமல் தடுக்கின்றன. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமேனும் இடைவெளி வேண்டும், மாத்திரைக்கும் அப்படியே. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்கலாகாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் இரும்பு நன்கு சேரும். மலம் கறுப்பதும் சற்றே மலச்சிக்கல் வருவதும் மாத்திரையின் இயல்பு. அதற்கஞ்சி நிறுத்திவிடாமல் செவிலியரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

'இருவருக்காக உண்' என்பது நம் இல்லங்களில் ஓயாமல் ஒலிக்கும் அறிவுரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கருவுற்ற பெண்ணுக்குக் கூடுதலாகப் பரிந்துரைப்பது நாளொன்றுக்கு 350 கலோரியே. இரண்டு இட்டலி, ஒரு குவளைப் பால், ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலை, அவ்வளவுதான். மிக வேண்டியது சோறன்று. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி, கீரை ஆகியவையே. பழைய களியின் பெருமை இங்குதான் விளங்கும்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு, வெள்ளரிசியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

சோற்றையும் இனிப்பையும் மிகுத்தால் கர்ப்பகால நீரிழிவு எளிதில் தலைகாட்டும். மருத்துவர் வி. சேஷய்யா போன்றோரின் முயற்சியால் 2007இலேயே தமிழக அரசு, கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் இதற்கான சோதனையைக் கட்டாயமாக்கியது. 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை 140 மில்லிகிராமை எட்டினால் கவனம் தேவை. மருத்துவர் தடுத்தாலன்றி நாள்தோறும் அரைமணி நேரம் நடப்பது நலம். திருத்தணி வெயிலில் அதை அதிகாலைக்கோ அந்திக்கோ வைத்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர் இல்லங்களுக்கென்றே ஒரு செய்தி. இரத்தம் ஊறும் என்று கருவுற்ற பெண்ணுக்கு ஆட்டீரல் சமைத்துக் கொடுப்பது வழக்கம். ஈரலில் இரும்பு மிகுதி என்பது உண்மை. ஆயினும் அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி உள்ளது: 100 கிராம் ஆட்டுக்குட்டி ஈரலில் சுமார் 7,000 மைக்ரோகிராம் உண்டு, நாளொன்றுக்கு 3,000க்கு மேல் போகலாகாது. முதல் மாதங்களில் இம்மிகை கருவுக்கு ஊறு செய்யும். சதைக்கறியே போதும். குங்குமப்பூ பிள்ளையைச் சிவப்பாக்கும் என்பது வெறும் கதை. பப்பாளியைப் பற்றிய அச்சத்தில் பாதி உண்மையுண்டு: காயின் பால் கருப்பையைச் சுருங்கச் செய்யும், நன்கு கனிந்த பழத்தால் கேடில்லை என்று சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தார் எலிகளிடம் சோதித்து 2002இல் எழுதினர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தமிழக அரசு வழங்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் நெய்யோடும் சத்துமாவோடும் பேரீச்சையும் இருக்கிறது. பேற்று வலியுற்ற மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்குப் பேரீச்சமரத்தடியில் கனியும் நீரும் அருளப்பட்டதை இறைமறை கூறுவதை நாமறிவோம். உடனே வலுவூட்டும் நற்கனி அது. எனினும் இரும்பு மாத்திரைக்கு ஈடாக அதை எண்ணி மாத்திரையைக் கைவிடுவது தவறு.

இனி நோன்பு. 2018, 2019 ஆண்டுகளில் ரமளான் கத்திரி வெயிலோடு சேர்ந்து வந்தது. தமிழகத்தின் உச்ச வெப்பத்தை அடிக்கடி பதிவு செய்யும் திருத்தணி போன்ற ஊரில் பகல் முழுதும் நீரருந்தாதிருப்பது கருவுற்ற பெண்ணுக்கு எளிதன்று. பயணிக்கும் கருவுற்றவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் நோன்பில் சலுகை உண்டென்ற நபிமொழியை அனஸ் இப்னு மாலிக் அல் கஃபீ அறிவிக்கிறார். நபிகளாருக்குப் பணிவிடை செய்த அனஸ் வேறு, இவர் வேறு. தனக்கோ சிசுவுக்கோ தீங்கு நேரும் என அஞ்சுபவள் நோன்பை விட்டுப் பின்னர் களா செய்தால் போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. ஷாஃபி மத்ஹபில், அச்சம் சிசுவை மட்டும் பற்றியதாயின் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து உணவும் ஏழைக்கு வழங்க வேண்டும். இரண்டிலும் சலுகை உறுதி. நோன்பு சிசுவின் எடையைக் குறைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. ஆனால் கடும் இரத்தசோகையோ நீரிழிவோ உடையவளை, "நாங்களெல்லாம் ஒன்பது மாதத்திலும் நோற்றோம்" என்று வீட்டுப் பெரியவர்கள் நாணச் செய்வது மார்க்கம் கேட்காத சுமை. உடல்நலமுற்று, மருத்துவர் இசைவோடு நோற்பவளுக்குப் பயறும் வெந்தயமும் இறைச்சியும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி மிக ஏற்றது. எண்ணெயில் பொரித்தவற்றை அதன் பக்கத்திலிருந்து அகற்ற வேண்டும். ஸஹரைத் தவறவிடலாகாது.

மணவிலக்குப் பெற்றவளேயாயினும், கருவுற்றிருந்தால் பேறு வரை அவள் செலவை ஏற்பது கணவன் கடமை என்கிறது திருக்குர்ஆனின் 65ஆம் அத்தியாயம். அப்படியிருக்க, இல்லறத்தில் உடன் வாழ்பவள் எல்லோரும் உண்டபின் குழம்பின் அடியை வழித்து உண்ணும் வழக்கத்தை என்னென்பது? பேறு முடிந்ததும் கவனம் முழுவதும் பிள்ளைமேல் திரும்பிவிடுகிறது. அரசு தரும் இரும்பு மாத்திரையோ அதற்குப் பின்னும் மேலும் 180 நாட்களுக்கு உரியது.