ஆணித் தலையும் தோட்டா விளிம்பும்

போன தவணையில் ஒரு மாணவன் சட்டைப்பையிலிருந்து சிறிய பித்தளைக் குழாயை எடுத்து என் மேசைமேல் வைத்தான். "சார், தாத்தா பால் மரம் சீவின தோட்டத்துல மண்ணு தோண்டும்போது கிடைச்சது. என்ன சார் இது?"

அது சுடப்பட்ட தோட்டாவின் வெற்று உறை, நல்லவேளை! அந்தத் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இன்று அங்கே செம்பனை நிற்கிறது. 1948 ஜூன் 16 அன்று அவ்வட்டாரத்தில் மூன்று தோட்டத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 வரை நீடித்தது.

உறையின் அடியில் தட்டுப்போல் ஒரு விளிம்பு இருந்தது. அது எதற்கு?

ரிவால்வரின் சுழல் உருளையில் உள்ள துளைகளில் தோட்டாக்களைப் பின்னாலிருந்து நுழைப்பார்கள். விளிம்பு இல்லையென்றால் தோட்டா முன்னே வழுக்கிவிடும். சுட்ட பிறகு வெற்று உறைகளை வெளியே தள்ளுவதற்கும் விளிம்புதான் பிடிமானம்.

துப்பாக்கிக்கும் ரிவால்வருக்கும் ஒரே தோட்டா இருந்தால் வசதிதானே? அமெரிக்காவில் 1873இல் வந்த வின்செஸ்டர் துப்பாக்கியில் அது நடந்தது. ஆனால் அதன் நெம்புகோலை ஒவ்வொரு முறையும் கையால் இயக்க வேண்டும். அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் பகுதித் தானியங்கித் துப்பாக்கி என்றால் சிக்கல்கள் வரிசையாக வரும்.

முதல் சிக்கலை வீட்டிலேயே பார்க்கலாம். தட்டைத் தலை ஆணிகள் நான்கைத் தீப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். மேல் ஆணியின் தலை, கீழ் ஆணியின் தலைக்குப் பின்னால் இருக்கட்டும். இப்போது மேல் ஆணியை முன்னே தள்ளுங்கள். தலைகள் மாட்டிக்கொள்ளும். விளிம்புள்ள தோட்டாக்களும் பெட்டிக்குள் இப்படித்தான் சிக்கும்.

இரண்டாவது, ஆற்றல். ரிவால்வரின் உருளையைச் சுழற்றுவது நம் விரல். அதனால் வலிமை குறைந்த தோட்டா, கூடிய தோட்டா இரண்டும் அதில் வேலை செய்யும். பகுதித் தானியங்கியிலோ, வெடிப்பின் ஆற்றலில் ஒரு பங்குதான் இயந்திரத்தையே நகர்த்துகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே உதைக்கும். சிலவற்றில் அந்த உதை வேலை செய்கிறது; சிலவற்றில் குழலிலிருந்து வரும் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. தள்ளும் விசை குறைந்தால் வெற்று உறை வெளியே வராது. மிகுந்தால் பாகங்கள் மோதித் தேயும்.

மூன்றாவது, குண்டின் வடிவம். ரிவால்வர் குண்டுகள் பல, மூக்கு மழுங்கிய ஈயக் குண்டுகள். உள்ளே நுழையும்போது விளிம்பில் முட்டும். ஈயத் துகளோ வாயுத் துளையை அடைக்கும்.

1960களில் ரூகர் நிறுவனம் .44 மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்கு இத்தகைய துப்பாக்கி ஒன்றை விற்றது. தோட்டாக்களை அடுக்காமல் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக வைத்ததால் விளிம்புகள் மாட்டவில்லை. ஆனால் நான்கே தோட்டாக்கள்தான் அதில் பிடித்தன. 1985இல் அதன் உற்பத்தி நின்றது.

அதற்கு முன்பே, 1941இல், எம்1 கார்பைனை வடிவமைத்தவர்கள் வேறு வழியில் போனார்கள். விளிம்பு துருத்தாத புதிய தோட்டாவையே அதற்கென உருவாக்கினார்கள். அவசரகால மலாயாவில் அந்தக் கார்பைனும் பயன்பட்டது.

ஒரு பாகம் நல்லதா, கெட்டதா என்று தனியாகக் கேட்க முடியாது. எந்த இயந்திரத்தில் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாணவர்களே, ஒன்றை மறவாதீர்கள். பழைய தோட்டங்களில் இன்றும் சுடப்படாத தோட்டாக்கள் கிடைக்கலாம். துரு ஏறினாலும் மருந்து உயிரோடு இருக்கும். எடுக்காதீர்கள், தட்டாதீர்கள், பள்ளிக்குக் கொண்டுவராதீர்கள். உரிமம் இன்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட. இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் போலீசுக்குத் தெரிவிப்பார்கள். அந்த மாணவனுக்கும் அன்று அதைத்தான் முதலில் சொன்னேன். விளிம்பின் கதையை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.