குழந்தைக்குத் தீவிர அலர்ஜி: மாத்திரை போதாது... உடனே செய்ய வேண்டியது என்ன?

‘அலர்ஜிதானே, ஒரு செட்டிரிசின் கொடுத்தா சரியாகிடும்’ - பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. தோலில் நாலு தடிப்பு, கொஞ்சம் அரிப்பு என்றால் சரி. ஆனால், அலர்ஜி மூச்சையோ ரத்த ஓட்டத்தையோ பாதித்தால், அது ‘அனஃபிலாக்சிஸ்’. அப்போது மாத்திரையை நம்பிக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்து.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை, இறால், தேனீ அல்லது குளவிக் கடி, சில மருந்துகள் என எதுவும் காரணமாகலாம். அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களில் தொடங்கிவிடும். நாக்கு வீக்கம், குரல் கரகரப்பு, விடாத இருமல், வீசிங், தொடர் வாந்தி, மயக்கம் ஆகியவை அபாய அறிகுறிகள். கைக்குழந்தை என்றால் திடீரென வெளிறித் துவண்டுவிடலாம். தோலில் தடிப்பே இல்லாமலும் இது வரும்.

ஏன் அட்ரினலின்?

அனஃபிலாக்சிஸில் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இரண்டையும் வேகமாகச் சரிசெய்வது அட்ரினலின் ஊசிதான். மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும்.

என்ன செய்யணும்?

• டாக்டர் பரிந்துரைத்த ‘ஆட்டோ இன்ஜெக்டர்’ கையில் இருந்தால், தொடையின் நடுவில் வெளிப்பக்கமாக உடனே போடுங்கள். ஆடைக்கு மேலேயே போடலாம்.

• 108-ஐ அழையுங்கள். 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால், இன்னொன்று இருந்தால் போடலாம்.

• குழந்தையைப் படுக்க வையுங்கள். மூச்சு வாங்கினால், கால் நீட்டி உட்காரட்டும். மயக்கமோ வாந்தியோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• ஆட்டோ இன்ஜெக்டர் நம்மூரில் எளிதில் கிடைப்பதில்லை. அது இல்லாதவர்கள், அவசர சிகிச்சை தரும் மிக அருகிலுள்ள மருத்துவமனைக்கு விரைய வேண்டும். போனதும், ‘அனஃபிலாக்சிஸ் மாதிரி இருக்கு’ என்று முதலிலேயே சொல்லுங்கள்.

என்ன செய்யக் கூடாது?

‘கொஞ்சம் நடந்தா சரியாகும்’ என்று எழுப்பி நடக்கவிடாதீர்கள். ரத்த அழுத்தம் சட்டென இறங்கிவிடலாம். வாந்தி எடுக்க வைப்பதும், தண்ணீர் புகட்டுவதும் வேண்டாம்.

சரியானதும் வீட்டுக்குப் போகலாமா?

அவசரம் வேண்டாம். அடங்கிய அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து மறுபடி வரலாம். டாக்டர் சொல்லும்வரை மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். எதனால் அலர்ஜி என்பது தெரிந்துவிட்டால், அதைத் தாத்தா, பாட்டி முதல் வகுப்பு ஆசிரியர், ஸ்கூல் வேன் அண்ணன் வரை எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.